நனைந்தவர்கள் வகுத்த பாதை

ஒரு தேசத்தின் நாகரிகத்தை அறிய விரும்புகிறவர்கள் அதன் தலைநகரத்து மாளிகைகளையும், அருங்காட்சிசாலைகளையும், அதிவேக ரயில்களையும் கண்டு ஒரு முடிவுக்கு வருவது வழக்கம். அந்தத் தேசம் தன் நல்ல நாளில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறது என்பது அவற்றால் தெரியும்; அதன் உள்ளார்ந்த சுபாவம் அவற்றால் தெரியாது. வானம் இருண்டு, குளிர்காற்று வீசி, மழை விடாமல் பெய்யும் ஒரு நாளில், இயந்திரத்தின் பலமோ துணையின் ஆதரவோ இல்லாமல், தம் கால்களின் வலிமை ஒன்றையே நம்பிச் சைக்கிளில் தனியே செல்லும் ஒருவரை அந்தத் தேசத்தின் சாலையும் சட்டமும் ஜனங்களும் எவ்விதம் நடத்துகின்றனர் என்பதைக் கொண்டே அதன் நாகரிகத்தை அளக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஜெர்மனியில், வேஸர் நதிக்கரையோரமாக, அக்டோபர் மாதத்து மழையில் ஒரு பகல் முழுவதும் தனியே சைக்கிளில் சென்றபோது இந்த அபிப்பிராயம் என் மனத்தில் உறுதிப்பட்டது.

வெர்ரா, ஃபுல்டா என்னும் இரண்டு நதிகள் ஹன்னோவெர்ஷ் முண்டென் என்ற பழைய ஊரின் ஓரத்தில் சங்கமமாகி, அங்கிருந்து வேஸர் என்ற பெயரோடு வட கடலை நோக்கிச் செல்கின்றன. மரச்சட்டங்களைக் கூடாக நிறுத்தி, இடையிடையே மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பிக் கட்டிய பழைய வீடுகள் அவ்வூரில் நூற்றுக்கணக்கில் இன்றும் குடியிருப்பாகவே விளங்குகின்றன. அங்கிருந்து நதியைத் தொடர்ந்து, கடல்முகத்திலுள்ள குக்ஸ்ஹாஃபென் வரை சுமார் 500 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள் வழி ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. நான் சென்றது அதன் தொடக்கப் பகுதி. சுமார் 45 கிலோமீட்டர் கீழே உள்ள பாட் கார்ல்ஸ்ஹாஃபென் அன்றைய இலக்கு. நதி போகும் திசையில் நோக்கினால் இடப்புறம் ரைன்ஹார்ட்ஸ்வால்ட், வலப்புறம் பிராம்வால்ட் என்று இரண்டு பெரிய காடுகள் மலைச்சரிவுகளைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. இடியும் மின்னலுமாக வந்து அரை மணி நேரத்தில் ஓய்ந்துபோகும் மழை அல்ல அங்கே பெய்தது. ஓசையின்றி, அவசரமின்றி, காலையில் தொடங்கி அந்தி வரையில், மேகம் எது மூடுபனி எது என்று பிரித்தறிய முடியாதபடி நின்று பெய்யும் மழை அது.

குளிரும் ஈரமும் தனித்தனியே வந்தால் மனித தேகம் அவற்றைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இரண்டும் கூடி வரும்போதுதான் அவற்றின் வலிமை புலப்படும். அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக உஷ்ணத்தைக் கடத்தும் சக்தி நீருக்கு உண்டு. ஆகையால் நனைந்த துணி, உடல் சிரமப்பட்டு உண்டாக்கும் சூட்டை ஓயாமல் வெளியே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது மழைச்சட்டைக்குள் வியர்வை ஊறி உட்புறமும் நனைகிறது. இறக்கத்தில் மிதிக்காமல் இறங்கும்போது அந்த வியர்வையே குளிர்ந்து முதுகெலும்பை எட்டுகிறது. முதலில் உணர்ச்சியை இழப்பவை கைவிரல்கள். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா, விட்டுவிட்டோமா என்பதைத் தொடுஉணர்வால் அறிய முடியாமல், குனிந்து கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வருகிறது. பீச் மரங்கள் உதிர்த்த செம்பழுப்பு இலைகள் தார்ப்பாதையில் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும் வளைவுகளில், முன்பே வேகத்தைத் தணித்து, வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல் கடந்து செல்ல வேண்டும். வெயில் நாளில் வெறும் அலங்காரமாகத் தோன்றும் மட்கார்டு, சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீரைத் தடுத்துப் பாதங்களைக் காக்கும் கவசம் என்பது அப்போதுதான் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

தனிமை இந்தச் சிரமத்தைப் பெருக்குகிறது. அதே சமயம் அதற்கு ஒரு கௌரவத்தையும் அளிக்கிறது. பலராகச் செல்கிறவர்கள் முன்செல்பவரின் முதுகைக் காற்றுக்குத் தடுப்பாக்கிக்கொள்ளலாம். அலுப்பைச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். எங்கே நிற்பது, எப்போது உண்பது என்ற தீர்மானங்களைப் பிறரிடம் விட்டுவிடலாம். தனியே செல்கிறவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. பசி வருவதற்கு முன்பே உண்ண வேண்டும், நடுக்கம் தொடங்குவதற்கு முன்பே கூரையைத் தேட வேண்டும் என்ற விவேகத்தை அவர் தாமே காத்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மணி நேரம் மனம் முணுமுணுக்கிறது. பிறகு, முணுமுணுப்பைக் கேட்க எவரும் இல்லை என்பதை உணர்ந்து, அது அடங்குகிறது. அடங்கிய மனத்துக்கு நனைந்த பாதையில் டயர் எழுப்பும் சீரான ஓசை கேட்கிறது. கரையோர நாணலில் அசையாது நிற்கும் சாம்பல் நாரை தென்படுகிறது. வளைவுக்கு அப்பால் ஊர் வரப்போகிறது என்பதை விறகுப் புகையின் மணம் முன்கூட்டியே சொல்லுகிறது. இத்தகைய ஏகாந்தத்தை அளிக்க வல்ல சாலை, ஒருவரை ஒவ்வொரு கணமும் உயிர்ப்பயத்தில் வைத்திருக்காத சாலையாக இருந்தாக வேண்டும். லாரிக்கு அஞ்சி நடுங்கும் மனத்துக்கு நாரை தென்படாது.

அந்தப் பாதையில் கண்ட முதல் மரியாதை, பலகைகளின் மரியாதை. கிளைவழி பிரியும் இடந்தோறும் வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தில் அடுத்த ஊரின் பெயரும், அதன் தூரமும், ஒரு சிறிய சைக்கிள் சித்திரமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கைபேசியிலேயே உலகப் படம் அனைத்தும் இருக்கும் காலத்தில் இந்தப் பலகைகள் எதற்கு என்று கேட்பவர்கள் மழையில் சைக்கிள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது; கழற்றி எடுத்தாலும் ஈரவிரலுக்குக் கைபேசியின் கண்ணாடி பணிவதில்லை. இறங்காமல், நிற்காமல், கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் படித்துக்கொண்டு போகக்கூடிய ஒரு பலகை, அந்த நிலையில் இருப்பவரை நினைத்துப் பார்த்தவர்களாலேயே நடப்பட்டிருக்க முடியும்.

ஹெமல்ன் கிராமத்திலிருந்து எதிர்க்கரையிலுள்ள ஃபெக்கர்ஹாகனுக்குச் செல்லும் ஓடத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு மோட்டார் இல்லை, துடுப்பும் இல்லை. நதிக்குக் குறுக்கே, உயரத்தில், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இழுத்துக் கட்டிய இரும்புவடத்தின்மேல் கப்பி ஓடுகிறது. அந்தக் கப்பியிலிருந்து இறங்கும் கம்பிகள் ஓடத்தின் இரு முனைகளையும் பிடித்திருக்கின்றன. ஓடக்காரர் ஒரு முனையின் கம்பியைச் சுருக்கி, மறு முனையின் கம்பியை நீட்டி, ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றே சாய்வாக நிறுத்துகிறார். கயிற்றில் கட்டிய காற்றாடி காற்றைச் சாய்வாக வாங்கி மேலெழும்புவதுபோல, அந்தச் சாய்வில் மோதும் நீரோட்டமே ஓடத்தை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அன்று அந்த ஓடத்தில் வேறு பிரயாணி இல்லை. எதிர்க்கரையில் இருந்தவர், மழையில் நின்ற ஒற்றை மனிதனுக்காக ஓடத்தைக் கொண்டுவந்து, சில நாணயங்களைப் பெற்றுக்கொண்டு, சைக்கிள் சாயாதபடி தம் கையாலும் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது, நான் கேளாமலே, சூடான பானம் கிடைக்கும் ரொட்டிக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கைகாட்டிச் சொன்னார். அந்தக் கடையில் இருந்த அம்மாள், என் உடையிலிருந்து சொட்டிய நீரைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. நாற்காலியின்மேல் ஒரு பழைய துண்டை விரித்து, உட்காரும்படி சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவரப் போனார்.

தனிமனிதரின் இந்தத் தயாளம் எந்த நாட்டிலும் காணக்கூடியதே. ஆனால் தயாள குணம் தனிமனிதரோடு நின்றுவிடாமல் பாதையாகவும் பலகையாகவும் விடுதியாகவும் சட்டமாகவும் உருப்பெற வேண்டுமானால், அதற்கு ஒரு சரித்திரம் வேண்டும். ஜெர்மனியில் அந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு விசேஷம் தென்படும்: அதன் முக்கியமான ஏடுகள் பலவும் மழையில் நனைந்தவை.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இன்றைய இந்தோனேஷியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசியும் வாயுவும் மேல்வானத்தில் பரவின. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை என்பதே இல்லாமற் போயிற்று. 1816இல் ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில் இடைவிடாத மழையாலும் குளிராலும் விளைச்சல் அழிந்து, பஞ்சம் வந்தது. மனிதருக்கே தானியம் கிடைக்காத நிலையில் குதிரைகளுக்குத் தீனி கிடைப்பது அரிதாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1817 ஜூன் 12ஆம் தேதி, கார்ல் டிரைஸ் என்பவர் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள் பொருத்திய மரவண்டி ஒன்றில் அமர்ந்து, தரையைக் கால்களால் உந்தித் தள்ளிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பினார். இன்றைய சைக்கிளின் மூதாதை அதுவே. குதிரைப் பஞ்சமே இந்த முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று என்று சரித்திர ஆசிரியர் சிலர் கருதுகின்றனர். தூண்டுகோல் எதுவாயினும், கெட்டுப்போன பருவங்களின் நடுவே பிறந்த வாகனம் அது என்பதில் ஐயமில்லை. 1849ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பிரபுப் பட்டத்தைத் துறந்து, தம்மைச் சாதாரணக் குடிமகன் என்று அறிவித்துக்கொண்ட டிரைஸ், 1851இல் கார்ல்ஸ்ரூஹ நகரில் வறுமையில் காலமானார்.

இரண்டாவது ஏடு 1909ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரிச்சார்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், ஆகஸ்டு மாதத்தில் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கால்நடையாகப் பல நாள் சுற்றுலா சென்றபோது, ப்ரோல் பள்ளத்தாக்கில் பெரும் இடிமழையில் அகப்பட்டுக்கொண்டார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு அடைக்கலம் தந்தது. வகுப்பறைத் தரையில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினார்கள். மழையின் ஓசையில் உறக்கமின்றிக் கழித்த அந்த இரவில், விடுமுறைக் காலத்தில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை நடந்து செல்லும் இளைஞர்களின் தங்குமிடமாக ஏன் ஆக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1912இல் ஆல்டெனா நகரத்துக் கோட்டையில் இளைஞர் விடுதி உருவாயிற்று. அங்கிருந்து அந்த இயக்கம் உலகெங்கும் பரவியது. பணக்காரரின் பொழுதுபோக்காக இருந்த பிரயாணம், கையில் அற்பத் தொகை வைத்திருக்கும் பிள்ளைக்கும் உரியதாயிற்று.

சைக்கிள் தொழிலாளர் கைக்கு வந்தபோது இதே நோக்கம் வேறொரு வழியிலும் விரிந்தது. 1896இல் ஒஃபன்பாக் நகரில் தோன்றிய 'சாலிடாரிட்டேட்' என்ற தொழிலாளர் சைக்கிள் சங்கம், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினரைச் சேர்த்து வளர்ந்தது. 1933இல் நாஜி அரசாங்கம் அதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே, சைக்கிள் பாதை உள்ள இடத்தில் சைக்கிளோட்டிகள் அதிலேயே செல்ல வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சட்டம் செய்தது. கேட்பதற்கு உபகாரமாகத் தோன்றும் இந்த விதியின் உத்தேசம், மோட்டார் வாகனங்களுக்குச் சாலையை ஒழித்துக் கொடுப்பதே. பாதை குண்டும் குழியுமாக இருந்தாலும், இலையும் சேறும் மூடிக் கிடந்தாலும், அதிலேயே போக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் பல்லாண்டுகள் நீடித்தது. நீலவட்டப் பலகை வைத்த இடத்தில் மாத்திரமே அந்தக் கட்டாயம் என்று ஆனது 1998இல்தான். ஆக, சைக்கிள் பாதை என்ற ஒன்றை அமைத்துவிட்டதாலேயே ஒரு அரசாங்கம் சைக்கிளோட்டிக்கு மரியாதை செய்துவிட்டதாகக் கொள்ளலாகாது. யாருடைய சௌகரியத்துக்காக அமைத்தது என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்கள் மறுபடியும் சைக்கிளோட்டிகளே. 1979இல் பிரேமன் நகரில் தோன்றிய அகில ஜெர்மன் சைக்கிள் சங்கம், நகரங்களின் சைக்கிள் சௌகரியத்தைப் பற்றி ஓட்டுகிறவர்களிடமே கருத்துக் கேட்டு வெளியிட்டு வருகிறது; பனிக்காலத்தில் பாதையைத் துப்புரவு செய்கிறார்களா என்பதும் அதில் ஒரு கேள்வி. 1995இல் அந்தச் சங்கம் விடுதிகளுக்கு ஒரு முத்திரை வழங்கத் தொடங்கியது. ஒரே ஓர் இரவு தங்க வருகிறவரையும் மறுக்காமல் ஏற்க வேண்டும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும். நனைந்த உடைகளை உலர்த்த வசதி வேண்டும். பழுது பார்க்கக் கருவிகள் வேண்டும். வயிறு நிறையக் காலை உணவுக்கு வழி வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இன்று 5,000க்கு மேற்பட்ட தங்குமிடங்கள் அந்த முத்திரையைத் தாங்கியிருக்கின்றன.

பாட் கார்ல்ஸ்ஹாஃபெனில் அன்று மாலை நான் தங்கிய இடம் அப்படிப்பட்டது. மதவெறிக்கு அஞ்சிப் பிரான்ஸ் தேசத்தை விட்டு ஓடிவந்த ஹியூகனாட் அகதிகளுக்காக, ஹெஸ்ஸே-காஸல் நாட்டுப் பிரபு கார்ல் என்பவர் 1699இல் நிர்மாணித்த ஊர் அது. அடைக்கலம் தருவது அந்த ஊரின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம். விடுதியின் கீழ்த்தளத்தில் சூடேற்றிய ஒரு சிறு அறை, நனைந்து வருகிறவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது. சுவரோரத்தில் கம்பிக் கொடிகள். மழைச்சட்டையைத் தொங்கவிட அகலமான கொக்கிகள். சொட்டும் நீர் வழிந்தோடத் தரையில் வாட்டம். மூலையில் பழைய செய்தித்தாள்களின் அடுக்கு. தாளைக் கசக்கிக் காலணிக்குள் திணித்து, ஒரு மணி கழித்து மாற்றித் திணித்தால், விடிவதற்குள் ஈரம் வாங்கிவிடும் என்று வீட்டுக்காரர் செய்து காட்டினார். படாடோபம் எதுவும் அந்த அறையில் இல்லை. ஆயினும், பிரயாணியின் சிரமத்தை அடிமுதல் நுனிவரை யோசித்துப் பார்த்த ஒரு சித்தம் அதில் குடியிருந்தது.

ஜெர்மனியில் எல்லாம் இப்படியே என்று சொன்னால் அது முகஸ்துதியாகிவிடும். நதிக்கரையை விட்டு விலகினால், நல்ல பாதை ஒன்று முன்னறிவிப்பின்றி ஒரு வயலோரத்தில் முடிந்துபோய், வேகமாகக் கார்கள் ஓடும் மாவட்டச் சாலையில் பிரயாணியைக் கொண்டுபோய் விடும் இடங்கள் பல. மரவேர்கள் தார்த்தளத்தைப் பிளந்து மேடாக்கியிருப்பதும், மழையில் வழுக்கும் உருண்டைக்கல் தெருக்கள் ஊர்மையங்களில் இருப்பதும் யாவரும் அறிந்தவை. சைக்கிளைக் கடக்கும் கார், ஊருக்குள் 1.5 மீட்டரும் வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று 2020இல் சட்டமே செய்திருக்கிறார்கள். சேற்றுநீரை மேலே வாரி அடித்துவிட்டு நெருங்கிக் கடக்கும் கார்களை அதற்குப் பிறகும் காணலாம். அண்டை நாடான நெதர்லாந்தைக் காட்டி ஜெர்மன் சைக்கிளோட்டிகள் தங்கள் அரசாங்கத்தைக் குறைகூறுவது நியாயமே. குறை இருக்கிறது என்பதையும், அதைச் சொல்லிக் கேட்க நனைந்த ஜனங்கள் அமைப்பாகத் திரண்டு நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மழையில் சைக்கிள் ஓட்டுவது ஒரு வீம்பு. வானம் வெளுக்கும் வரை காத்திருக்கலாம், அல்லது ரயிலில் போகலாம். சிலருடைய வீம்புக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவானேன் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. உல்லாசப் பிரயாணி காத்திருக்கலாம்; ஆனால் அந்தப் பாதையில் அன்று என்னைக் கடந்து சென்றவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். புத்தகப் பையை முதுகில் சுமந்த பள்ளிப் பிள்ளைகள், வேலை முடிந்து வீடு திரும்பிய பெண்மணி ஒருவர், மஞ்சள் சைக்கிளில் கடிதம் கொண்டுவந்த தபால்காரர் ஆகிய இவர்களுக்கு வானிலையைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் இல்லை. ஜெர்மன் ஆரம்பப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போலீஸாரே சாலையில் சைக்கிள் ஓட்டப் பயிற்சியளித்துப் பரீட்சை நடத்துகிறார்கள். அப்படிப் பழக்கிய பிள்ளையை மழை வந்ததும் கைவிடும் பாதை, அந்தப் பயிற்சியையே பொய்யாக்கிவிடும். வெயில் நாளுக்காக மட்டும் அமைத்த பாதை ஓய்வுள்ளவருக்குப் பயன்படும். மழைநாளுக்காக அமைத்த பாதையோ எல்லோருக்கும் எல்லா நாளும் பயன்படும். ஆகவே கெட்ட நாளை உத்தேசித்துக் கட்டுவதே சிக்கனமும் ஆகும்.

இன்று ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் வகிப்பவர்கள் இந்தியர்கள். அவர்களிடையே தமிழ் இளைஞர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அக்டோபருக்குப் பின் பகல் குறுகி, வானம் சாம்பல் நிறமாகி, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்போது, அறையைப் பூட்டிக்கொண்டு ஊரை நினைத்து ஏங்குவது அவர்களில் பலருக்கு நேர்வது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பழைய சைக்கிளாயினும் நல்ல மட்கார்டும், முன்னும் பின்னும் எரியும் விளக்கும், உடலோடு ஒட்டிய கம்பளி உள்ளாடையும், நீர்புகாத கையுறையும் தேடிக்கொண்டு, பையில் ரொட்டியும் மாற்றுக் காலுறையும் வைத்துக்கொண்டு, அருகிலுள்ள நதிக்கரை வழியே, இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய தூரத்துக்கு ஒரு மழைநாளில் தனியே சென்று வர வேண்டும். நடுக்கம் நிற்காமல் வந்தால், வெட்கப்படாமல் அடுத்த ஸ்டேஷனில் ரயிலேறிவிட வேண்டும். அந்நிய தேசம் அந்நியமாகத் தோன்றாமற் போவதற்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது. வகுப்பறையும் அலுவலகமும் காட்டாத ஜெர்மானியர் சுபாவத்தை ஓடத்துறையும் ரொட்டிக் கடையும் உலர்த்தும் அறையும் காட்டிவிடும்.

பஞ்ச காலத்து மன்ஹைம் முதல் ப்ரோல் பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடம் வரை, அங்கிருந்து இன்றைய விடுதிகளின் உலர்த்தும் அறை வரை, தொடர்ந்து வரும் உண்மை இது: தாம் பட்ட சிரமத்தைப் பிறர் படலாகாது என்று நினைத்தவர்களே வழிப்போக்கருக்கு உருப்படியான உபகாரம் செய்திருக்கிறார்கள். காரின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மழையைப் பார்த்தவர்கள் வகுத்த பாதைகள், மழையில் செல்பவருக்கு உதவவில்லை. ஆகையால், ஜெர்மனியாயினும் வேறு எந்த நாடாயினும், சாலைக்குத் திட்டம் தீட்டும் பொறியாளரும், அதற்குப் பணம் ஒதுக்கும் மந்திரியும், அது முடிந்ததென்று சான்றளிக்கும் அதிகாரியும், கையெழுத்திடுவதற்கு முன் ஒரு மழைநாளில், தனியே, அந்தப் பாதையின் முழு நீளத்தையும் சைக்கிளில் மிதித்துச் சென்றிருக்க வேண்டும் என்று விதி செய்வது நியாயம். அதற்கு ஆகும் செலவு ஒரு பகற்பொழுதுதான். அதைத் தர மனமில்லாதவர்களிடம் பிறருடைய வழியை வகுக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாகாது.